மைனஸ் டெர்மினலும் கிரவுண்டும் ஒன்றல்ல: ஐந்து வாரம் கழித்துத்தான் புரிந்தது

எட்டு பிரஷர் சென்சார்கள், எட்டு சேனல் கொண்ட ஒரு டிஃபரன்ஷியல் அனலாக் இன்புட் மாட்யூல் (இரண்டு வயருக்கு நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை அளந்து கம்ப்யூட்டருக்கு எண்ணாகத் தருவது), நடுவில் 18 மீட்டர் கேபிள். வேலை இவ்வளவுதான். பம்ப் டெஸ்ட் பெஞ்ச் ஒன்றில் எட்டு இடங்களில் அழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். நான்கு நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். முடிந்தது ஐந்தாவது வாரக் கடைசியில். நல்ல நிலையில் இருந்த இரண்டு சென்சார்களைக் கெட்டுப்போனவை என்று ஒதுக்கிவிட்டு, என் கைப்பணம் போட்டுப் புதிதாக இரண்டு வாங்கினேன். போட்ட கேபிளை உருவிவிட்டு மறுபடி இழுத்தேன். அந்த வேலையில் எனக்கு வரவேண்டிய லாபம் முழுவதும் இதிலேயே கரைந்தது. அதைவிட, வேலை கொடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு அந்த இடத்துக்குப் போகவே மனமில்லாமல் இருந்த நாட்கள்தான் இன்னும் வலிக்கின்றன. யாராவது ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சென்சாரைப் பற்றி. மூன்று வயர் கொண்டது. ஒன்று 24 வோல்ட் சப்ளை, ஒன்று ஜீரோ வோல்ட், மூன்றாவது சிக்னல். 0 முதல் 10 பார் அழுத்தத்துக்கு 0 முதல் 10 வோல்ட் தரும். அதாவது ஒரு வோல்ட் என்றால் ஒரு பார், கணக்குப் போடச் சுலபம். சிக்னலுக்கு என்று ஒரே ஒரு வயர்தான் வருகிறது. அந்த வோல்டேஜை ஜீரோ வோல்ட் வயரை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதைத்தான் சிங்கிள் எண்டட் என்கிறார்கள். ஆனால் நான் வாங்கிய மாட்யூலில் ஒவ்வொரு சேனலுக்கும் பிளஸ், மைனஸ் என்று இரண்டு டெர்மினல். ஓரத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாக அனலாக் கிரவுண்ட் என்று ஒன்று, அதாவது மாட்யூலின் சொந்த ஜீரோ. பெஞ்சில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் இருக்கிறது, நாய்ஸ் (சிக்னலில் கலக்கும் மின் இரைச்சல்) வரும், டிஃபரன்ஷியல் இன்புட் நாய்ஸைத் தாங்கும் என்று கேள்விப்பட்டுத்தான் அதை வாங்கினேன். அந்த முடிவில் தப்பில்லை. ஆனால் சென்சாரிலிருந்து ஒரு சிக்னல் வயர்தானே வருகிறது, மைனஸில் எதைக் கொடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே பேனலில் கை வைத்தேன்.

முதல் நாள் சிக்னலைப் பிளஸில் கொடுத்துவிட்டு மைனஸைச் சும்மா விட்டேன். கொடுக்க எதுவும் இல்லை, அதனால் காலியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பம்ப் ஓடவில்லை, பைப்பில் தண்ணீர் இல்லை. ஒரு சேனல் 4.2 பார் காட்டியது, இன்னொன்று மைனஸில் போனது, மூன்றாவது ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் ஒட்டிக்கொண்டது. கேபிளைக் கையால் தொட்டால் எண் மாறியது. நான்காவது சென்சாருக்கு மட்டும் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்தால் ஐந்தாவதும் கூடவே கொஞ்சம் ஏறியது. மல்டிமீட்டரை வைத்துச் சென்சாரின் சிக்னலையும் ஜீரோ வோல்ட்டையும் நேராக அளந்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும், சென்சார் சரியாகத்தான் இருக்கிறது என்று. நான் அளக்கவில்லை. ஐந்தும் ஆறும் கெட்டுவிட்டன என்று முடிவுகட்டி இரண்டு புது சென்சார்களுக்கு ஆர்டர் போட்டேன். அவை வந்து சேர ஒன்பது நாள். மாட்டினேன். அதே ஆட்டம். அந்த ராத்திரி சாப்பிடவே பிடிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் முதல் பாடம் இதுதான். டிஃபரன்ஷியல் இன்புட் என்பது பிளஸுக்கும் மைனஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே சொல்லும். மைனஸைத் திறந்து விட்டால் எதிலிருந்து வித்தியாசம் பார்ப்பது என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் இரண்டு கால்களிலும் மிக மிகச் சிறிய பயஸ் கரண்ட் ஒன்று ஓடும். அது திரும்பிப் போக வழி இல்லையென்றால் அந்தக் காலில் சார்ஜ் சேர்ந்து வோல்டேஜ் நகர்ந்துகொண்டே போகும். மெதுவாக ஏறிய சேனலின் கதை அதுதான். பக்கத்துச் சேனல் கூடவே ஆடியதற்கும் காரணம் உண்டு: இத்தகைய மாட்யூல் பலவற்றில் உள்ளே வோல்டேஜை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒரே ஒன்றுதான், சேனல்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்க்கும். முந்தைய சேனலின் சார்ஜ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாத சேனல் அதையே தன் அளவு மாதிரி காட்டிவிடும். ஆகவே அளவு அலைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மைனஸ் காலை. சென்சாரைச் சந்தேகப்படும் முன் அதன் வாயிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பயன்படுத்தாத சேனல் ஏதாவது மிச்சம் இருந்தால் அதன் இரண்டு டெர்மினலையும் சேர்த்து அனலாக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள், சும்மா தொங்க வேண்டாம்.

சரி, அப்புறம் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். சிங்கிள் எண்டட் சிக்னல் என்றால் மைனஸை அனலாக் கிரவுண்டோடு இணைக்கவும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. சின்னச் சின்ன வயர்களை வெட்டி, எட்டு மைனஸையும் வரிசையாகச் சங்கிலி போலக் கோத்து, கடைசிக் கண்ணியை அனலாக் கிரவுண்டில் முறுக்கி, சங்கிலியின் மறுமுனையைப் பேனலில் இருக்கும் 24 வோல்ட் சப்ளையின் ஜீரோ வோல்ட்டில் கொடுத்தேன். சப்ளையைப் போட்டதும் எல்லாச் சேனலும் அமைதியாகிவிட்டன. எட்டும் 0.10 காட்டின. அந்த 0.10 ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. சந்தோஷத்தில் கண்ணில் படவில்லை. சென்சாரின் ஜீரோ கொஞ்சம் தள்ளியிருக்கும் என்று சாஃப்ட்வேரில் 0.10 கழித்துவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் கரண்ட் கொடுத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வுகள் இரண்டு உண்டு. அவை திறக்கும்போதெல்லாம் எட்டுச் சேனலும் ஒரே நேரத்தில் 0.31 பார் மேலே குதிக்கின்றன. வால்வு மூடினால் இறங்குகின்றன. வால்வு காயிலின் நாய்ஸ் என்று நினைத்து அளவுகளைச் சராசரி எடுக்க வைத்தேன். நூறு அளவின் சராசரி, ஆயிரம் அளவின் சராசரி. குதிப்பு வழவழப்பாக ஆனதே தவிர உயரம் குறையவில்லை. நிலையாக நிற்கும் பிழையைச் சராசரி எடுத்துப் போக்க முடியாது. சராசரி என்பது மேலும் கீழும் ஆடுவதற்கு மட்டுமே மருந்து. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஒரு வாரம் புரோகிராமோடு மல்லாடினேன். ஒரு நாள் வேலை கொடுத்த பெரியவர் வந்து என் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்தார். பைப் எல்லாம் வடிந்து காய்ந்திருந்தது. வால்வு சட்டென்று திறந்தது, எண்கள் குதித்தன. "தண்ணியே இல்லாத பைப்ல எங்கேருந்து தம்பி பிரஷர் வருது?" என்றார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அன்று எல்லோரும் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். சென்சார் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். பேனலின் அனலாக் கிரவுண்டிலிருந்து ஒரு நீள வயரை அங்கே வரை தரையில் விரித்துக்கொண்டு வந்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை அதில் மாட்டினேன். சிவப்பு முனையை ஜங்ஷன் பாக்ஸில் சென்சார்களின் ஜீரோ வோல்ட் டெர்மினலில் வைத்தேன். இரண்டும் ஒரே ஜீரோ வோல்ட், நடுவில் செம்பு வயர்தான், மீட்டர் ஜீரோ காட்ட வேண்டும். 0.098 வோல்ட் காட்டியது. முனையை எடுக்காமல் இன்னொரு கையால் வால்வு இரண்டையும் போட்டேன். 0.41. அணைத்தேன். 0.098. மூன்று முறை செய்து பார்த்தேன். திரையில் வந்த அதே எண்கள். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு மிகச் சுலபமானது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.035 ஓம் ரெசிஸ்டன்ஸ். 18 மீட்டருக்கு 0.62 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு சென்சாரும் தலைக்கு 20 மில்லிஆம்பியர் எடுக்கின்றன, மொத்தம் 160 மில்லிஆம்பியர். எட்டுக்கும் சேர்த்து நான் போட்டிருந்தது ஒரே ஒரு ஜீரோ வோல்ட் வயர். அதன் வழியாக இந்தக் கரண்ட் பேனலுக்குத் திரும்பும்போது 0.1 வோல்ட் விழுகிறது. அதாவது சென்சாரின் ஜீரோவே பேனலின் ஜீரோவைவிட 0.1 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. சென்சார் தன் ஜீரோவிலிருந்து சரியாகத்தான் அளந்து தருகிறது. நான் பேனலின் ஜீரோவிலிருந்து அதைப் படிக்கிறேன். மேட்டில் நிற்கிறவன் உயரத்தைப் பள்ளத்திலிருந்து அளந்தால் மேட்டையும் சேர்த்துத்தானே அளப்போம், அது மாதிரி. வால்வு ஒவ்வொன்றும் கால் ஆம்பியர் எடுக்கும். அதன் ஜீரோ வோல்ட்டையும் இதே வயரில்தான் கட்டியிருந்தேன். அரை ஆம்பியர் கூடியதும் இன்னொரு 0.31 வோல்ட். ஒரு வோல்ட் ஒரு பார் என்பதால் அது அப்படியே அழுத்தமாகத் தெரிந்தது.

மைனஸைப் பேனலிலேயே கிரவுண்டில் கட்டியபோது, டிஃபரன்ஷியல் மாட்யூலை நானே சிங்கிள் எண்டட் மாட்யூலாக மாற்றிவிட்டேன். மேனுவலின் வரி பொய் இல்லை. சென்சார் பக்கத்திலேயே இருந்து, திரும்பும் வயரில் கரண்ட் அதிகம் இல்லாவிட்டால் அது போதும். தூரம் இருந்தால் போதாது. மைனஸ் டெர்மினல் என்பது அளப்பதற்கான ஒரு கை. அந்தக் கையைச் சென்சாரின் ஜீரோ வோல்ட் வரை நீட்ட வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் சிக்னல் வயரோடு முறுக்கிய ஜோடியாக இன்னொரு வயர், சென்சாரின் ஜீரோ வோல்ட் டெர்மினலில் தொடங்கி மாட்யூலின் மைனஸில் முடிய வேண்டும். வழியில் வேறு எங்கேயும் தொடக்கூடாது, சப்ளைக் கரண்ட் அதில் ஓடக்கூடாது. கரண்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் விழாது. அப்போது சென்சாரின் ஜீரோ 0.1 வோல்ட் ஏறினாலும் 0.41 ஏறினாலும் பிளஸும் மைனஸும் சேர்ந்தே ஏறும், வித்தியாசம் மாறாது. டிஃபரன்ஷியலுக்குக் கொடுக்கும் காசு இந்த ஒன்றுக்காகத்தான். காமன் மோட் ரிஜெக்ஷன் 80 டெசிபெல் என்று போட்டிருந்தால், இரண்டு காலிலும் சேர்ந்து வரும் ஒரு வோல்ட் பத்தாயிரத்தில் ஒரு பங்காக, 0.1 மில்லிவோல்ட்டாகத்தான் அளவில் தெரியும் என்று பொருள்.

நான் ஜங்ஷன் பாக்ஸ் வரை எட்டு முறுக்கு ஜோடியும் அவற்றைச் சுற்றி ஷீல்டும் (நாய்ஸைத் தடுக்கும் உலோக உறை) கொண்ட கேபிள் ஒன்றை இழுத்தேன். பழைய கேபிளைக் குழாயிலிருந்து உருவுவதற்கே ஒரு நாள் போனது. வால்வுகளுக்குத் தனி ஜீரோ வோல்ட் வயர் போட்டேன். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து சென்சார் வரை உள்ள இரண்டு மீட்டரை மட்டும் அப்படியே விட்டேன். அங்கே அந்த ஒரு சென்சாரின் 20 மில்லிஆம்பியர் மட்டும்தான் ஓடுகிறது, இரண்டு மூன்று மில்லிவோல்ட்டுக்கு மேல் போகாது. என் வேலைக்கு அது பொருட்டில்லை. உங்கள் வேலைக்குப் பொருட்டு என்றால் சென்சாரின் கனெக்டர் வரை ஜோடியைக் கொண்டு போங்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சங்கிலி வயர்களைக் கழற்றிவிட்டு, புது ஜோடிகளை மாட்டி, சப்ளை போட்டேன். எட்டுச் சேனலும் தாறுமாறாக ஓடின. அந்த நிமிடத்தில் எனக்கு இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் இந்த முறை மீட்டரை எடுத்தேன். சென்சாரின் வாயில் ஜீரோ, சரி. மாட்யூலின் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஜீரோ, சரி. மைனஸுக்கும் அனலாக் கிரவுண்டுக்கும் நடுவே வைத்தேன். நிலையில்லாமல் பத்து இருபது வோல்ட் என்று அலைந்தது. சங்கிலியைக் கழற்றியபோது, அனலாக் கிரவுண்டையும் 24 வோல்ட் சப்ளையின் ஜீரோவையும் இணைத்திருந்த ஒரே வழியையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன். சப்ளை ஒரு பக்கம், மாட்யூல் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே தொடர்பே இல்லாமல் மிதக்கின்றன. வித்தியாசம்தானே அளக்கிறோம், மிதந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு காலும் அனலாக் கிரவுண்டிலிருந்து இத்தனை வோல்ட்டுக்குள் இருந்தால்தான் உள்ளே உள்ள ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யும். அதுதான் காமன் மோட் வரம்பு. 10 வோல்ட் மாட்யூல் பலவற்றில் அது பிளஸ் மைனஸ் பத்து, பதினொன்று வோல்ட் அளவில்தான் இருக்கும், அதுவும் சிக்னலையும் சேர்த்து. சப்ளையின் ஜீரோவிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு, பேனலுக்குள், ஒரே இடத்தில், ஒரே ஒரு வயர் போட்டேன். எட்டும் 0.00 காட்டின.

அந்த ஒரே இடம் என்பது முக்கியம். புதிதாக வாங்கிய இரண்டு சென்சார்களும் வேறு மாடல். அவற்றில் ஜீரோ வோல்ட் உலோக உடலோடு உள்ளேயே இணைந்திருந்தது. உடல் பைப்பில் முறுக்கியிருக்கிறது, பைப் எர்த்தில் இருக்கிறது, பேனலும் எர்த்தில் இருக்கிறது. ஆக கரண்ட் சுற்றி ஓட இரண்டாவது பாதை ஒன்று உருவாகி, டிரைவ் ஓடும்போது அந்த இரண்டு சேனல் மட்டும் லேசாக நடுங்கின. பழையவை இரண்டையும் எடுத்து மறுபடி மாட்டினேன், நடுக்கம் நின்றது. கெட்டுப்போனவை என்று ஒதுக்கியவை இன்றும் அந்த பெஞ்சில் வேலை செய்கின்றன. சென்சாரை மாட்டும் முன் அதன் உடலுக்கும் ஜீரோ வோல்ட் காலுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலை. ஷீல்டையும் ஒரு முனையில் மட்டும், பேனல் பக்கம் கட்டினேன். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு சிக்னல் கேபிளை ஒரே டிரேயில் ஓட்டாதீர்கள்.

பின்னால் பேட்டரியில் ஓடும் ஒரு சென்சாரைச் சேர்க்கச் சொன்னார்கள். அதற்கு எந்தக் கிரவுண்டோடும் தொடர்பு கிடையாது. பிளஸும் மைனஸும் கொடுத்துவிட்டு, மைனஸிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டேன். பயஸ் கரண்டுக்கு வழி கிடைத்தது, அளவும் நிலைத்தது. வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளுக்கும் இதே வழிதான், அதன் முனை உலோகத்தைத் தொடாமல் இருந்தால். தொட்டுக்கொண்டிருந்தால் ரெசிஸ்டர் வேண்டாம்.

சின்ன போர்டுகளில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 மாதிரி சிப்பில் டிஃபரன்ஷியல் என்று இருப்பதைப் பார்த்து, கிரவுண்டுக்குக் கீழே போகும் சிக்னலையும் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வித்தியாசம் மைனஸில் வரலாம். ஆனால் ஒவ்வொரு காலும் தனித்தனியாகக் கிரவுண்டுக்கும் சிப்பின் சப்ளைக்கும் நடுவேதான் இருக்க வேண்டும், 0.3 வோல்ட்டுக்கு மேல் வெளியே போகக்கூடாது. அப்புறம், மைனஸ் காலை ஜீரோவில் நிறுத்தி எப்போதும் பிளஸாகவே வரும் சிக்னலைக் கொடுத்தால், 16 பிட்டில் பாதி அளவுகள் வரவே வராது, உங்களுக்குக் கிடைப்பது 15 பிட்தான். சேனல் எண்ணிக்கையும் பாதியாகும்: சிங்கிள் எண்டட்டாக நான்கு, டிஃபரன்ஷியலாக இரண்டு. பெரிய கார்டுகளில் 16 என்பது 8 ஆகும். எந்தப் பிளஸுக்கு எந்த மைனஸ் ஜோடி என்பதை மேனுவலில் பார்க்காமல் வயரை முறுக்காதீர்கள். பல கார்டுகளில் சேனல் 0-க்கு ஜோடி சேனல் 1 அல்ல, 8.

இப்போது எந்த பேனலாக இருந்தாலும் ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்கிறேன். சென்சார் பக்கத்தில் சிக்னல் வயரைக் கழற்றி, மைனஸ் வயர் இருக்கும் அதே ஜீரோ வோல்ட் டெர்மினலில் சேர்த்து முறுக்குவேன். இப்போது அந்தச் சேனல் ஜீரோதான் காட்ட வேண்டும். அப்படியே விட்டுவிட்டு பம்பைப் போடுவேன், டிரைவின் வேகத்தை ஏற்றி இறக்குவேன், வால்வுகளைத் திறந்து மூடுவேன். எண் அசையக்கூடாது. அசைந்தால் எங்கோ ஒரு வயரில் ஓடக்கூடாத கரண்ட் ஓடுகிறது, அல்லது மைனஸ் தப்பான இடத்தில் முடிகிறது. அடுத்து அதே இரண்டு வயருக்கு நடுவே ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, மைனஸ் பக்கம் ஜீரோ வோல்ட்டைத் தொட்டபடி. மல்டிமீட்டர் காட்டுவதும் திரை காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். எட்டுச் சேனலுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும். அந்த பெஞ்சில் கடைசி நாள் இதைப் பெரியவர் முன்னாலேயே செய்தேன். வால்வு இரண்டும் டக் டக் என்று நான்கு முறை அடித்தன. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 0.00 அப்படியே நின்றது. "இன்னொரு தடவை போடு தம்பி" என்றார். போட்டேன்.